முள் கூட்டிச் சொல்லும், எண் குறைத்துச் சொல்லும்

பேராக்கின் பாரிட் புந்தாரில் கப்சாய் மோட்டார் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிரியான் ஆற்றைக் கடந்தால் கெடாவின் பண்டார் பாரு, சற்று வடக்கே போனால் பினாங்கின் நிபோங் தெபால், தெற்கே பாகான் செராய். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இந்த மூலையில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவரும் பொறியியல் வளாகத்தில் படிக்கிறவரும் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவரும் நம்பியிருப்பது அந்த இரண்டு சக்கரத்தைத்தான். அதனால் மீட்டரைப் பற்றிய பேச்சும் இங்கே குறைவில்லை. இரண்டு கூற்றுகள் அடிக்கடி காதில் விழும். “மீட்டர் எப்போதும் பத்து கூட்டித்தான் காட்டும், 100 காட்டினால் 90-தான் போகிறோம்” என்பது ஒன்று. “20,000-தான் ஓடியிருக்கிறது, வண்டி புதுசு மாதிரி” என்பது இன்னொன்று. பழைய மோட்டார் கைமாறும்போது சொல்லப்படுவது. முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் பல நேரம் அந்தப் பாதியும் இருப்பதில்லை. இரண்டையும் ஒரே நாக்கு சொல்வதுதான் வியப்பு: வேகத்தில் மீட்டரைச் சந்தேகிக்கிறவர், தூரத்தில் அதே மீட்டரை அப்படியே நம்புகிறார். இன்னும் சிலர், முள் பத்து விழுக்காடு கூட்டிக் காட்டினால் கிலோமீட்டர் எண்ணும் பத்து விழுக்காடு கூடியிருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இத்தனை குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒரே வட்டக் கண்ணாடிக்குள் இருப்பதால் முள்ளும் எண்ணும் ஒரே கருவி என்று நினைத்துவிடுகிறோம்.

அவை இரண்டு கருவிகள். பழைய கப்சாயில் முன்சக்கர ஹப்பில் உள்ள சிறிய பற்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றுகிறது. அந்தக் கேபிள் மீட்டருக்குள் நுழைந்ததும் வேலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம், கேபிளின் முனையில் சுழலும் காந்தம். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் அது சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கிறது; மயிரிழை போன்ற ஒரு சுருள்கம்பி திருப்பி இழுக்கிறது. இந்த இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்சே 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடுதான் நூறாண்டு தாண்டியும் நம் மோட்டார்களில் ஓடுகிறது. மறுபக்கம், அதே கேபிள் பற்சக்கரங்கள் வழியாக எண் உருளைகளைத் திருப்புகிறது. இங்கே காந்தமும் இல்லை, சுருள்கம்பியும் இல்லை. சக்கரம் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு எண் நகரும், அவ்வளவுதான். முள் ஒரு சமநிலையைக் காட்டுகிறது. எண் ஒரு கூட்டலைக் காட்டுகிறது. முள்ளைத் தொழிற்சாலையில் எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். பற்களின் எண்ணிக்கையை அப்படி மாற்ற முடியாது. ஆகவே முள் பத்து விழுக்காடு மிகைத்துக் காட்டும் மோட்டாரில் தூரம் மிகச் சரியாகப் பதிவாகியிருக்கலாம். புதிய மோட்டார்களில் பெரும்பாலும் நிலைமை அதுதான்.

முள் மிகைத்துக் காட்டுவது கம்பெனியின் கவனக்குறைவு என்றும், அதைத் ‘திருத்த’ வேண்டும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைகளில் 39-ஆம் விதி வேகமானியைப் பற்றியது. உலகச் சந்தைக்கு மோட்டார் செய்யும் பெரிய தயாரிப்பாளர்கள் அதை ஒட்டியே நடக்கிறார்கள். காட்டப்படும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைவாக இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. கூடுதலாக இருக்கலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. உற்பத்தியாகி வெளிவரும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு அந்த எல்லை உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் மணிக்கு 8 கிலோமீட்டரும். அதாவது உண்மையில் 60-இல் போகிறவரின் முள் 74 வரை காட்டலாம், 100-இல் போகிறவருக்கு 118 வரை காட்டலாம். 99 மட்டும் காட்டக் கூடாது. காரணம் எளிது. வாங்குகிறவர் எந்த டயர் போடுவார், காற்று எவ்வளவு அடிப்பார், தேய்ந்த டயரில் எத்தனை நாள் ஓட்டுவார் என்பதைத் தயாரிப்பாளர் அறிய முடியாது. எப்படியும் ஒரு பிழை வரும் என்றால் அது ஓட்டுகிறவரை நிதானப்படுத்தும் பக்கமாக வரட்டும் என்று முடிவு செய்தார்கள். நண்பரின் கப்சாய் 130 அடித்தது என்ற பெருமையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பொய் சொன்னவர் நண்பர் இல்லை. முள் காட்டியதை அவர் சொன்னார்.

இதைக் கேட்டதும் எழும் கேள்வி நியாயமானது. முள் கூட்டித்தான் காட்டும் என்று விதியே சொல்கிறதே, கூட்டரசு சாலையில் 90 என்ற பலகையைப் பார்த்து நான் முள்ளில் 100 வைத்து ஓட்டினால் என்ன தவறு? அந்த விதி தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். 17 அங்குல ரிம்மில் 60/80 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1,658 மில்லிமீட்டர், 70/90 டயருக்கு 1,752. மெல்லிய டயருக்குக் கணக்கிட்ட மீட்டரோடு பெரிய டயரை முன்னால் மாட்டினால், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தரை விழுக்காட்டுக்கும் கூடுதலான தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. கொடுத்து வைத்திருந்த மிகையில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்ற வேறு மாடலின் ஹப்பைக் கொண்டுவந்து பொருத்துவது நம் பட்டறைகளில் சாதாரணம். அந்த ஹப்பின் மீட்டர் பற்சக்கரம் வேறு கணக்கில் வெட்டப்பட்டிருந்தால் முள்ளும் எண்ணும் சேர்ந்தே தவறும், எந்தப் பக்கமாக என்பதை யாரும் ஊகிக்க முடியாது. இருபது வருடப் பழைய மீட்டரில் காந்தம் வலுவிழந்திருந்தால் முள் குறைத்துக் காட்டும். கேபிளில் கிரீஸ் வறண்டிருந்தால் முள் துள்ளும்; துள்ளும் முள்ளில் எந்த எண்ணை நம்புவது? மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விதி கொடுத்த அந்தச் சிறு இடைவெளி அவர்களுக்கான பாதுகாப்பு. அதை முன்கூட்டியே செலவழித்துவிட்டால் டயர் மாற்றிய நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது. காவல்துறையின் லேசர் கருவியும் கேமராவும் அளப்பது உண்மை வேகத்தை. நம் முள் என்ன காட்டியது என்று அவை கேட்பதில்லை.

டிஜிட்டல் மீட்டருக்கு இந்தக் குறை இல்லை என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. அதில் காந்தக் கிண்ணம் இல்லைதான். ஒரு சென்சார் துடிப்புகளை எண்ணுகிறது, சிப் அதை வேகமாக மாற்றுகிறது. ஆனால் விதி அதற்கும் ஒன்றுதான், மிகையை மென்பொருளிலேயே எழுதிவிடுகிறார்கள். 87 என்று துல்லியமாக ஒளிர்வதால் 87 உண்மையாகிவிடாது. ஸ்ப்ராக்கெட் மாற்றினால் மீட்டர் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு ஒரே பதில் கிடையாது. முன்சக்கரத்திலிருந்து கணக்கெடுக்கும் மோட்டாரில் பின்னால் எந்த ஸ்ப்ராக்கெட் போட்டாலும் மீட்டருக்குத் தொடர்பில்லை. கியர்பாக்ஸ் பக்கத்தில் சென்சார் வைத்திருக்கும் மாடலில் தொடர்பு உண்டு, பல் கூடக் குறைய மாற்றிய அளவுக்கு வேகமும் தூரமும் தவறும். உங்கள் மோட்டார் எந்த வகை என்பதைப் பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் கைப்பேசியே நீதிபதி என்கிறார்கள். செயற்கைக்கோள் கணக்கு, திறந்த வெளியில், நேர்ச்சாலையில், சீரான வேகத்தில் முள்ளைவிட நம்பத் தகுந்தது என்பது உண்மை. கிரியான் வயல்வெளிகளின் நடுவே வாய்க்காலை ஒட்டி ஓடும் சாலைகளைவிட அதற்கு நல்ல இடம் கிடைக்காது. ஆனால் வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது சற்றுப் பின்தங்கும், கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே தடுமாறும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது எந்த மீட்டர் பிழையையும்விட ஆபத்து என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கைப்பேசி இல்லாமலும் சோதிக்கலாம். பண்டார் பாருவில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், மோட்டாருக்கு டோல் இல்லை, ஓரத்தில் நூறு மீட்டருக்கு ஒரு தூரப் பலகை நிற்கிறது. முள்ளை 80-இல் அசையாமல் வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டு கிலோமீட்டருக்கு நேரம் பார்க்கட்டும். 100 விநாடி ஆனால் உண்மை வேகம் 72. அப்படியே பத்து கிலோமீட்டர் போய்க் கிலோமீட்டர் எண்ணையும் பலகையோடு ஒப்பிட்டால், முள்ளின் பிழை வேறு, எண்ணின் பிழை வேறு என்பது ஒரே பயணத்தில் கண்ணுக்குத் தெரியும். நம் பெரியவர்கள் இன்றும் மைலைக் கட்டை என்றும் இடத்தை நாலாங்கட்டை, ஆறாங்கட்டை என்றும் சொல்கிறார்கள். சாலையோரக் கல்லை வைத்துத் தூரத்தை அறியும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

எண்ணில் வரும் பிழைக்கும் விலை உண்டு. ஹோண்டா நிறுவனத்தின் கார்களில் தூரம் சில விழுக்காடு கூடுதலாகப் பதிவாகிறது என்று அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2007-இல் எட்டிய உடன்பாட்டின்படி, 2002 முதல் 2006 வரையிலான மாடல்களில் சுமார் 60 லட்சம் வண்டிகளுக்கு உத்தரவாதத் தூரத்தை அந்நிறுவனம் 5 விழுக்காடு நீட்டித்தது. நான்கைந்து விழுக்காடு என்பது காதுக்குச் சிறியது, உத்தரவாதம் முடிந்த மறுவாரம் இஞ்சின் கெட்டவருக்குச் சிறியதில்லை. நம் மோட்டாரில் இதை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். 70/90-க்குக் கணக்கிட்ட மீட்டரோடு 60/80 போட்டு ஓட்டுகிறவருக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 106 என்று பதிவாகும். லிட்டருக்கு 50 ஓடுகிறது என்று மகிழ்கிறவர் உண்மையில் 47-தான் ஓடியிருக்கிறார்.

ஆனால் பழைய மோட்டார் வாங்கும்போது பிழை மறுபக்கமாக வருகிறது, அதுவும் சில விழுக்காடாக இல்லை, மடங்குகளாக. கேபிள் அறுந்தால் முள் பூச்சியத்தில் படுத்துவிடும், எண்ணும் அதே இடத்தில் நின்றுவிடும். மோட்டார் மட்டும் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் கேபிளை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய மீட்டரில் முழுக் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு பூச்சியத்திலிருந்து தொடங்கும். 23,000 காட்டும் தொண்ணூறுகளின் கப்சாய் 1,23,000 ஓடியிருக்கலாம். உடைந்த மீட்டருக்குப் பதில் வேறொன்றை மாட்டினால் அந்த வேறு மோட்டாரின் வரலாறுதான் இதில் தெரியும். இவை எதிலும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. விலையைக் கூட்டுவதற்காக எண்ணைக் குறைத்து விற்பது இவற்றுக்கு மேல் வருவது. ஆகவே பழைய மோட்டாரின் எண்ணை, குறைந்தது இவ்வளவு ஓடியிருக்கிறது என்றுதான் படிக்க வேண்டும். விலை பேசும் முன் மிதிக்கட்டையின் ரப்பரையும் கைப்பிடியையும் ஸ்ப்ராக்கெட் பற்களையும் பாருங்கள். 20,000 ஓடிய மோட்டாரில் மிதிரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது. எண்ணெய் மாற்றிய பட்டறை ரசீதுகளைக் கேளுங்கள். கடையில் வாங்கி, சொன்ன தூரம் பொய் என்று தெரியவந்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தனி ஆளிடம் வாங்கினால் அந்தக் கதவு திறக்காது, அதனால் அங்கே கண்ணும் கையும்தான் துணை. விற்கிற பக்கம் நிற்கிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது: மீட்டரை மாற்றிய நாளில் பழைய எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி, வண்டிப் பத்திரங்களோடு வைத்து, வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.