தூக்குச் சாப்பாட்டுடன் கோயிலுக்கு

கேள்வி: நெய்வேலியில் ஒரே ஒப்பந்ததாரரிடம் 11 ஆண்டுகள் வெல்டராக இருந்தேன். ஒப்பந்தம் முடிந்தது, வேலையும் போனது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் தூக்குச் சாப்பாட்டுடன் கிளம்பி, திருவதிகைக் கோயில் மண்டபத்தில் மாலைவரை உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வேன்?
- வாசகர், திருவதிகை

பதில்: இன்று இரவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. சூலை நோய் தாங்காமல் நாவுக்கரசர் அக்கா திலகவதியாரைத் தேடி வந்த ஊர் உங்களுடையது. வலியை உடன்பிறந்தவளிடம் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. ஒளிக்கிற ஒவ்வொரு நாளும் வட்டிக்கு வாங்கத் தூண்டும். அதுதான் எனக்குப் பயம்.

வேலை போனது உங்கள் கைத்திறன் குறைவால் அல்ல. 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையமே 2020-இல் மூடப்பட்ட ஊர் நெய்வேலி.

அடுத்து, உங்களுக்குச் சேரவேண்டிய பணம். 5 ஆண்டு தாண்டியவருக்குப் பணிக்கொடை உரிமை: ஆண்டுக்கு 15 நாள் வீதம், உங்களுக்கு 165 நாள் சம்பளம். ஒருநாள் சம்பளத்தை மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். 30 நாளுக்குள் தரவேண்டும். எழுத்தில் கேளுங்கள்; மறுத்தால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பி.எஃப். பணத்தை அவசரத்துக்கு எடுக்கலாம். ஓய்வூதியப் பங்கைத் தொடாதீர்கள். 10 ஆண்டு சந்தா பதிவாகியிருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு.

பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரி ஆலைகளில் கொதிகலன் பழுதுபார்க்க வெல்டர் தேவைப்படும். நாளைக் காலை அதே தூக்குடன் அங்கே போய்க் கேளுங்கள். சொந்தப் பட்டறை யோசனையைக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் விசாரித்த பிறகு பார்க்கலாம்.