ரோபோவுக்கு முன் ஃபில்ட்டரைப் பாருங்கள்

கேள்வி: மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்க்கிறேன். எங்கள் எச்.பி.எல்.சி. பகுப்பாய்வுக் கருவி இரவு முழுவதும் தானாகவே ஓடுகிறது. அதற்கு முன்னால் எடை போடுவது, கரைப்பது, சிரிஞ்ச் ஃபில்ட்டரில் அழுத்தி வடிகட்டுவது எல்லாம் கைவேலைதான். எங்களில் சிலருக்கு மணிக்கட்டு வலியே வந்துவிட்டது. சாம்பிள் தயாரிக்கும் ரோபோ ஒன்றை வாங்க நிர்வாகம் யோசிக்கிறது. வாங்கினால் எங்கள் வேலை குறையுமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: ரோபோவுக்கு எந்த வேலையைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே மெத்தட், நிறைய சாம்பிள் என்றால் அது பிரமாதமாக உழைக்கும். காலையில் ஒரு மருந்து, மதியம் வேறொன்று, மாலையில் அவசர சாம்பிள் என்று ஓடும் லேபில், ரோபோவைத் தயார்செய்து கொடுக்கவே ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் வலி வடிகட்டுவதில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குவோம். லியோனார்ட் ஸ்கெக்ஸ் என்ற அமெரிக்கர் 1957-இல் தானியங்கி ரத்தப் பரிசோதனை முறை ஒன்றை வெளியிட்டார். அதுவரை புரதத்தை வீழ்படிவாக்கி, வடிகட்டி நீக்குவதுதான் லேபின் பெரிய தலைவலி. அவர் வடிகட்டும் இயந்திரம் எதையும் செய்யவில்லை. நடுவில் ஒரு டயாலிசிஸ் சவ்வை வைத்து, சிறிய மூலக்கூறுகள் மட்டும் அதைத் தாண்டிப் போகும்படி செய்தார். வடிகட்டும் வேலையே இல்லாமல் போனது. டெக்னிகான் நிறுவனம் ‘ஆட்டோஅனலைசர்’ என்று உலகெங்கும் விற்றது அதைத்தான்.

நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: வடிகட்டும் எல்லாவற்றையும் வடிகட்டத்தான் வேண்டுமா? மாத்திரையில் செல்லுலோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட், டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற கரையாத பொருட்கள் உண்டு. அவை உள்ளே போனால் பிரிப்புக் குழாய் அடைத்துக்கொள்ளும்; அங்கே வடிகட்டாமல் தப்ப வழியில்லை. ஆனால் முழுதாகக் கரைந்து தெளிவாக இருக்கும் ஸ்டாண்டர்டு கரைசலையும் பழக்கத்தால் வடிகட்டும் லேப்கள் ஏராளம். மெத்தடில் அப்படி எழுதியிருந்தால் நீங்களாக விட்டுவிட முடியாது; முறைப்படி மாற்றம் கோரலாம்.

மீதியுள்ளவற்றுக்கு ரோபோவைவிட மலிவான தீர்வுகள் இருக்கின்றன. சவ்வு பொருத்திய சிறு குப்பிகள் கிடைக்கின்றன: உள்குழாயை அழுத்தினால் கரைசல் வடிந்து மேலே வரும், அப்படியே ஆட்டோசாம்ப்ளரில் வைத்துவிடலாம். பல குப்பிகளைச் சேர்த்து ஒரே நெம்புகோலில் அழுத்தும் கருவியும் உண்டு. சவ்வு பொருத்திய 96 குழித் தட்டில் பல சாம்பிள்களை வேக்குவத்தால் ஒன்றாக இழுக்கும் கருவியும் உண்டு. மணிக்கட்டுக்கு உடனடி மருந்து இவைதான்.

இவற்றில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விற்பனைக்கு வருகிறவர் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். சிரிஞ்ச் ஃபில்ட்டரில் முதல் சில மில்லியைக் கொட்டிவிடுகிறோம் அல்லவா? சவ்வு மருந்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்; அது நிறைவடைந்த பிறகு வருவதுதான் சரியான செறிவு. குப்பியிலோ 96 குழித் தட்டிலோ மொத்தமே ஓரிரு மில்லிதான் கொள்ளும். கொட்ட எதுவும் இல்லை. சவ்வின் பரப்பும் சிறியதுதான், 25 மி.மீ. ஃபில்ட்டரோடு ஒப்பிட்டால் 13 மி.மீ. ஃபில்ட்டரின் பரப்பு ஏறக்குறைய கால்பங்கு. அதனால் இழப்பும் குறையலாம். குறைகிறதா என்பதைச் சோதனைதான் சொல்லும். ஒரே சாம்பிள் கரைசலில் ஒரு பங்கைச் சென்ட்ரிஃபியூஜில் தெளியவையுங்கள். இன்னொரு பங்கைப் புதிய ஃபில்ட்டரில் வடிகட்டுங்கள். இரண்டின் விடையையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் உங்கள் லேபின் வரம்பைத் தாண்டினால் சவ்வை மாற்றிப் பாருங்கள். நைலான் சில மருந்துகளை நன்றாகவே பிடித்துக்கொள்ளும், நீர்விரும்பும் பி.வி.டி.எஃப். பொதுவாகக் குறைவாகப் பிடிக்கும். நீர்வெறுக்கும் பி.டி.எஃப்.இ. வாங்கிவிட்டு நீர்க் கரைசல் இறங்கவில்லை என்று கருவியைத் திட்டாதீர்கள்; அதை முதலில் ஆல்கஹாலில் நனைக்க வேண்டும்.

மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் டிசல்யூஷன் சோதனையின் சங்கதி வேறு. அங்கே தானியங்கிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவேன். ஆறு பாத்திரங்களிலிருந்தும் குறித்த நிமிடத்தில் எடுத்து, எடுத்த கையோடு வடிகட்ட வேண்டும். தாமதித்தால் சிரிஞ்சுக்குள்ளேயே துகள்கள் கரைந்துகொண்டிருக்கும். ஆறையும் ஒரே நேரத்தில் இழுப்பது ஒரு மனிதக் கையால் ஆகாது. ஆனால் அந்தக் கருவியின் உறிஞ்சுகுழாய் முனையிலிருக்கும் ஃபில்ட்டர் பெரும்பாலும் 10 மைக்ரான் அளவுதான். நீங்கள் கையால் பயன்படுத்தும் 0.45 மைக்ரானுக்கு அது மாற்று ஆகாது. இரண்டாவது ஃபில்ட்டரும் தேவைப்படலாம்.

கரைப்பான் ஊற்றும் வேலையை ரோபோவிடம் விடுவதாக இருந்தால் அசிட்டோநைட்ரைலில் கவனம் வேண்டும். எளிதில் ஆவியாகும் திரவம் என்பதால் காற்றழுத்தப் பிப்பெட் முனையிலிருந்து சொட்டும். தண்ணீருக்கு வைத்த அமைப்பில் அதை ஓட்டினால் அளவு தப்பும். ஒவ்வொரு திரவத்துக்கும் தனி அமைப்பு எழுதி, பேலன்ஸில் எடை போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரு சாம்பிளின் மிச்சம் அடுத்ததில் கலக்கிறதா என்பதையும் வெற்றுக் கரைசல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை குறையாது, கூடும். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்பவர்களானால் ரோபோவின் மென்பொருளும் 1997-இல் வந்த பார்ட் 11 விதியின் கீழ் வரும்: யார், எப்போது, எதை மாற்றினார் என்பதற்கெல்லாம் பதிவு வேண்டும்.

என் யோசனை இதுதான். இப்போதைக்குக் குப்பி ஃபில்ட்டரும் நல்ல டிஸ்பென்சரும் வாங்குங்கள். பத்து மாத்திரைகளைத் தனித்தனியே சோதிக்கும் ‘கன்டென்ட் யூனிஃபார்மிட்டி’ போல ஒரே மாதிரி வேலை தினமும் குவிகிறதா என்று இரண்டு மாதம் கணக்கெடுங்கள். குவிந்தால் ரோபோ கேளுங்கள். அப்போதும் செயல்விளக்கத்துக்கு அவர்கள் கொண்டுவரும் கரைசல் வேண்டாம். உங்கள் மாத்திரையைக் கொடுத்து உங்கள் மெத்தடையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.