அப்பா கையில் ரிங்கிட்

அப்பா அத்திப்பட்டு தெர்மல் மின்நிலையத்தில், நிலக்கரி கையாளும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்து இறங்கும் கரி, கன்வேயர் பெல்ட் ஏறி பாய்லருக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. 2001இல் எண்ணூர் துறைமுகம் திறந்ததே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான். ஆயுளில் பாதியைக் கப்பல் பார்த்தே கழித்தவர் இந்தப் பயணம்வரை கடலைத் தாண்டியதில்லை. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் இருவரும் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் போய்வந்தோம். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அம்மா அவளோடு இருந்துவிட்டாள்.

வந்த நாளிலிருந்து தெருவிலும் லோக்கல் ரயிலிலும் ஒரே கேள்விகள். விசா எப்படி, எவ்வளவு ஆச்சு, முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தாய்? அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: பெற்றவர்களை உட்காரவைத்துச் சுற்றிக் காட்டினால் சீக்கிரமே வீட்டு நினைப்பு வந்துவிடும். ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தால் அது அவர்களுடைய பயணமாகிவிடும்.

எந்த ஊர் என்பதை அவர் சொல்லட்டும்

"எங்க போலாம்பா?" என்று கேட்டால் "உனக்கு எங்க தோணுதோ அங்க போ" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "சின்ன வயசுல உன் காதுல அடிக்கடி விழுந்த வெளிநாட்டு ஊரு எது?" என்றேன். யோசிக்கவே இல்லை, "பினாங்கு" என்றார்.

அப்பாவின் தாய்மாமன் ஒருவர் 'ரஜூலா' கப்பலில் போனவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. மாமா அனுப்பிய மணியார்டரும் சட்டைத்துணியும் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊர் அவர் சொன்னது என்பதால், பிறகு வந்த அலைச்சல் எதற்கும் "உன்னாலதான்" என்று என்னைச் சொல்லவில்லை.

எனக்கும் அது வசதியாகவே அமைந்தது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரப் பயணம். மலேசியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர் இந்திய வம்சாவளி, அதில் பெரும்பாலோர் தமிழர். முதல் வெளிநாட்டுப் பயணத்தில் அப்பா தானே வழி கேட்டுக்கொள்ளக்கூடிய ஊராக இருந்தால் உங்கள் பாரம் பாதி குறையும். "அந்தக் காசுல ரெண்டு பவுன் வாங்கியிருக்கலாம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "பவுனு எங்க போவப் போவுது, என் முட்டிதான் போயினுகீது" என்று அப்பாவே பதில் சொல்லிவிட்டார்.

காகித வேலை

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் இனிஷியலில்தான் வரும். அதை விரித்து முழுப் பெயராகவே எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குடும்பப் பெயர் இடத்தை வெறுமனே விடுவதைவிட, அப்பா பெயரை அங்கே போடுவது பின்னால் உதவும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்றைக்கு மலேசியா போகிறவர் நாளைக்குத் துபாய் போகமாட்டார் என்று என்ன நிச்சயம்? 60 வயது தாண்டியவர்கள் புதிதாக விண்ணப்பித்தால் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு.

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று வரும். வேலைக்காக வளைகுடா, மலேசியா போன்ற சில நாடுகளுக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு அது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை, ஆனால் நம் விமான நிலையத்திலேயே கேள்வி வரும். திரும்பி வரும் டிக்கெட்டும் ஓட்டல் பதிவும் அச்சிட்ட தாளாகக் கையில் இருக்கட்டும். 50 வயது தாண்டியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எட்டாவது படித்த அம்மாவுக்கு இது தடையாகுமோ என்று பயப்படுகிற வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்வரை மலேசியாவுக்கு விசா இல்லாமல் போகலாம். 2026 இறுதிவரை இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் முன்பு நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

குடியேற்றக் கவுண்டரில் அப்பாவைத் தனியாகக்கூட நிறுத்திக் கேட்கலாம். எந்த ஓட்டல், எப்போது திரும்புகிறோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தாள்கள் இருந்த பையை அவர் தோளிலேயே மாட்டிவிட்டேன். வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொரு தாளையும் எடுத்து, பார்த்து, மடித்து வைத்துக்கொண்டார்.

அத்திப்பட்டிலிருந்து விமான நிலையம்

இதற்கு டாக்சி வேண்டாம். லோக்கல் பிடித்து விம்கோ நகரில் இறங்கினால் அங்கிருந்து மெட்ரோ. நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்வரை நேராகப் போகிறது, நடுவில் மாற வேண்டியதில்லை. எங்கள் விமானம் நள்ளிரவை ஒட்டி, சாயங்காலமே கிளம்பிவிட்டோம். விடியற்காலை விமானம் என்றால் மட்டும் வண்டி ஏற்பாடு செய்யுங்கள், இரவு பதினொன்றுக்கு மேல் மெட்ரோ இருக்காது.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியவை: மருந்தும் பவர் பேங்கும் கைப்பையில். ஊறுகாய், எண்ணெய் பாட்டில் எல்லாம் உள்ளே போடும் பெட்டியில். கொப்பரைத் தேங்காயை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. முட்டி வலி உள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். "எனக்கின்னா காலா இல்ல?" என்று அப்பா மறுத்தார். வற்புறுத்தவில்லை. கோலாலம்பூரின் இரண்டாம் முனையத்தில் நடந்து முடித்த பிறகு, திரும்பி வரும்போது அவரே கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

காசுப் பை அவரிடம்

எது விலை கேட்டாலும் அப்பா ரூபாயாக்கிப் பார்ப்பார். நாங்கள் போனபோது ஒரு ரிங்கிட் ஏறக்குறைய இருபது ரூபாய். "ஒரு டீ அம்பது ரூபாயா?" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு முழுக்க வாய்க்கு எதுவும் ருசிக்காது. விமானம், ஓட்டல், ரயில் எல்லாவற்றையும் ஊரிலேயே கட்டி முடித்துவிட்டேன். சாப்பாடு, டீ, பஸ், கோயில் உண்டியல் ஆகியவற்றுக்கான ரொக்கத்தை முதல் நாளே அவர் கையில் கொடுத்து, "இது உன் கணக்குப்பா" என்றேன்.

அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் புலம்பலே இல்லை. செலவழிப்பவர் அவராயிற்றே. ஷிப்டில் லாக் புக் எழுதிய கை. தினமும் ராத்திரி சின்ன டயரியில் வரவு செலவு எழுதினார். மிச்சம் பிடித்த காசில் ஒரு நாள் நல்ல மீன் சாப்பாடு அவராகவே வாங்கித் தந்தார். பென்ஷன் பணத்தில் கொஞ்சம் போடுகிறேன் என்று உங்கள் அப்பா சொன்னால் மறுக்காதீர்கள். பிள்ளை தயவில் வந்திருக்கிறோம் என்ற கூச்சம் அதோடு போய்விடும்.

ஓட்டலில் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். பெரும்பாலும் அதைக் கவுண்டரில்தான் கேட்பார்கள். அதையும் கணக்கில் வைத்துக் கொடுங்கள். ஏஜென்டிடம் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு உரியவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும்.

காலையும் மாலையும் மட்டும்

காலை ஷிப்ட் பழக்கம் அப்பாவை இன்னும் விடவில்லை, நாலு மணிக்கே விழித்துவிடுவார். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அதனால் அங்கத்திய ஆறரை மணிக்கு எழுவார், யாரும் எழுப்பவே வேண்டாம். காலையில் ஓர் இடம், மத்தியானம் அறையில் தூக்கம், சாயங்காலம் இன்னோர் இடம். மத்தியான வெயிலிலும் திடீர் மழையிலும் அலைவது மிச்சம்.

பத்துமலைக்குக் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து கம்யூட்டர் ரயில் நேராகப் போகிறது. அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயர முருகன், பக்கத்தில் 272 படிகள். ஏறுவதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினார். நடுநடுவே நின்றார், நானும் நின்றேன். பேசவில்லை, படமும் எடுக்கவில்லை. முட்டி கேட்காதவர்கள் கீழேயே இருக்கலாம். தரை மட்டத்திலும் குகைகள், கோயில்கள் உண்டு. பழமோ பையோ கையில் தெரியும்படி வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிவிடும்.

மாத்திரையும் டீயும்

அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, தேவைக்கு மேல் சில நாளுக்குச் சேர்த்தே எடுத்துப் போங்கள். இரண்டரை மணி வித்தியாசத்தால் சாப்பாட்டு நேரம் நகரும். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

அங்கே டீக்குக் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றுவார்கள், இனிப்பு தூக்கும். 'குராங் மானிஸ்' என்றால் சர்க்கரை குறைவாகத் தருவார்கள், 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. அப்பாவுக்கு இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் டீக்கடைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் போய் உட்கார்ந்து, "எந்த ஊருங்க?" என்று தொடங்கி, ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஒரு பெரியவரோடு அரைக் காலைப்பொழுது பேசினார். நான் போட்டிருந்த திட்டத்தில் அது இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கடிகாரத்தைக் காட்டாதீர்கள்.

அவர் எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள்

இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க எல்ஆர்டி ரயிலில் போனோம். 452 மீட்டர் கோபுரத்தை அப்பா ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். வந்த ரயிலில் டிரைவர் இல்லை என்பதுதான் அவருக்குப் பெரிய செய்தி. 1998இலிருந்து அந்தத் தடம் அப்படித்தான் ஓடுகிறது. முன் கண்ணாடி ஓரம் நின்றுகொண்டு சிக்னல், தண்டவாளம், பிரேக் பிடிக்கும் இடம் எல்லாம் கவனித்தார். மறுநாள் சாயங்காலத்தை அந்த ரயிலுக்கே கொடுத்துவிட்டோம், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

பிறகு கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து பினாங்குக்கு ஃபெர்ரி. பாலம் வழியாகவும் போகலாம், ஆனால் மாமா கப்பலில் வந்த ஊருக்குத் தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும் என்றார். துறைமுகக் கிரேன்களைக் காட்டி, எது எதைத் தூக்கும் என்று எனக்குப் பாடம் நடந்தது. பினாங்கு மலையில் 1923இலிருந்து ஓடும் கம்பிவட ரயிலில், மேலே தெரிந்த காட்சியைவிடக் கம்பி சுற்றும் சக்கரத்தை அதிக நேரம் பார்த்தார். அங்கே வரிசை நீளமாக இருக்கும். கூடுதல் கட்டணத்தில் விரைவு வரிசை உண்டு, வயதானவர்களோடு போனால் அதை வாங்கிவிடுங்கள். பெரிய ஊர்களின் புகழ்பெற்ற இடங்கள் எல்லாருக்கும் பொது. உங்கள் அம்மாவோ அப்பாவோ நாற்பது வருஷம் செய்த தொழில் அந்த ஊரில் எங்கே நடக்கிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா தையல்காரி என்றால் பாத்திக் துணி, மீன் விற்றவர் என்றால் விடியற்காலை மீன் சந்தை.

ஒரே அறையில் இருவர்

இரண்டு தனிக் கட்டில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓர் ஓட்டலில் பதிவில் அப்படி இருந்தும் ஒரே பெரிய கட்டில் கொடுத்தார்கள். தாளைக் காட்டியதும் அறையை மாற்றினார்கள். குறட்டைக்குக் காதில் பஞ்சு போதும். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரமாவது தனித்தனியே இருங்கள். நான் கடைத்தெருவுக்குப் போவேன், அவர் கீழே உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். அவர் போனிலும் ரோமிங் பேக் போட்டுவிடுங்கள், சட்டைப் பையில் ஓட்டல் முகவரி எழுதிய தாள் இருக்கட்டும்.

சண்டை வரும். எங்களுக்கு வந்தது ஏசி குளிரைப் பற்றி. பசியும் தூக்கமும் சேர்ந்து கெட்ட நேரத்தில்தான் அது வெடிக்கும். முதலில் சாப்பிடுங்கள், நியாயம் அப்புறம் பேசலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு "ரிடையர் ஆகட்டும், லோன் முடியட்டும்" என்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். சேமிப்பு நாளைக்கும் சேரும், படியேறும் தெம்பு அப்படிக் காத்திருக்காது. எந்த நாடு, எவ்வளவு பணம் என்பதை மெதுவாக முடிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இந்த வாரமே எழுதிப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் விண்ணப்பத்துக்கான தாள்களை அப்பா ஏற்கெனவே சேர்த்துவிட்டார். அவளிடம் எந்த ஊர் என்று கேட்கும் வேலையும் அவருடையதுதான்.