நாலு பேர் சேர்ந்து ஓடணும்: கிராஸ் கன்ட்ரி ரிலேக்குப் போற பசுமலைப் பிள்ளைகளுக்கு அக்காவோட டிப்ஸ்

தம்பிகளா, தங்கச்சிகளா, கிராஸ் கன்ட்ரி ரிலேக்குப் பேர் குடுத்துட்டீங்க. ரொம்பச் சந்தோஷம். இனி அக்கா சொல்றதைக் கேளுங்க.

தனியா ஓடுற போட்டியில வேகமா ஓடுறவங்க ஜெயிப்பாங்க. ரிலேயில அப்படி இல்ல. டீம்ல கடைசியா வர்ற பிள்ளை எவ்வளவு நல்லா ஓடுதோ, அந்த அளவுக்குத்தான் டீம் முன்னேறும். ஏற்கெனவே நல்லா ஓடுற பிள்ளையோட நேரத்துல அஞ்சு வினாடி குறைக்கிறதே பெரும்பாடு. பின்தங்குற பிள்ளைக்கு ஒழுங்கான பயிற்சி குடுத்தா அதைவிடப் பல மடங்கு குறையும். அதனால உங்க கவனம் மொத்தமும் அந்தப் பிள்ளை மேல இருக்கட்டும். நான் கீழ சொல்றது எல்லாமே இதை வச்சுத்தான்.

முதல்ல போட்டி என்னன்னு தெரிஞ்சுக்கங்க. இது ஸ்டேடியம் டிராக்ல கோல் மாத்துற ரிலே இல்ல. மண்ணு, புல்லு, மேடு, பள்ளம், மழை பெஞ்சா சகதி, இதுலதான் ஓடணும். உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில 2017-லதான், உகாண்டாவுல கம்பாலா நகரத்துல, கலப்பு ரிலேயை முதல் தடவையா நடத்துனாங்க. ஒரு டீம்ல ரெண்டு ஆண், ரெண்டு பெண், ஆளுக்குச் சுமார் 2 கிலோமீட்டர். கென்யா ஜெயிச்சது. நம்ம பக்கத்துப் போட்டிகள்ல வயசுக்குத் தக்கபடி தூரம் மாறும். விதிமுறைத் தாளை பி.டி. சார்கிட்ட வாங்கி நாலு பேரும் உக்காந்து படிங்க. கேப்டன் படிச்சாப் போதும்னு விட்டுராதீங்க.

பயிற்சிக்கு நம்ம ஊர் அருமையான ஊர். பசுமலை அடிவாரத்துல சரிவு இருக்கு, திருப்பரங்குன்றம் பக்கம் போனா தென்கால் கண்மாய்க் கரை இருக்கு. கரை மண்ணு காலுக்கு மெத்துன்னு இருக்கும், முட்டி தாங்கும். திருப்பரங்குன்றம் மெயின் ரோட்டுல மட்டும் ஓடாதீங்க. விடியக்காலையில பஸ்ஸும் லாரியும் வர்ற வேகத்துக்கு அங்க ஓடுறது ஆபத்து. தாரும் கெட்டியான தரை, காலுக்கு ஆகாது.

வாரத்துல ஒரு நாள் சரிவு. ஏறும்போது சின்னச் சின்ன எட்டா, கையை நல்லா வீசி ஓடுங்க. இறங்கும்போது நடந்தே இறங்குங்க. இன்னொரு நாள் 400 மீட்டர் அளவுக்கு வேகமா ஓடி, ரெண்டு நிமிஷம் நடந்து, திரும்ப ஓடணும். ஆறு தடவை போதும். மூணாவது நாள் நீள ஓட்டம், 5 கிலோமீட்டர். இதைப் பைய ஓடணும். பேசிக்கிட்டே ஓட முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். இந்த ஓட்டத்துல வேகத்தை முடிவு பண்றது டீம்ல மெதுவா ஓடுற பிள்ளைதான். அது முன்னால போகும், மத்த மூணு பேரும் பின்னால போகணும். ரெண்டு மூணு வாரத்துல அந்தப் பிள்ளைக்கு வர்ற தைரியத்தைப் பாருங்க. மத்த நாள்ல உடம்பு ஆறணும். தினமும் விரட்டி ஓட வச்சா போட்டிக்கு முன்னாடியே கால் வலி வந்து நிக்கும்.

முள்ளு விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க. கண்மாய்ப் பக்கம் சீமைக் கருவேல முள்ளு ஷூ அடியையே குத்திட்டு உள்ள வரும். நெருஞ்சியும் உண்டு. பையில ஒரு ஊக்கு, கொஞ்சம் பஞ்சு, மருந்து எப்பவும் இருக்கட்டும். டி.டி. ஊசி போட்டிருக்கான்னு வீட்டுல கேட்டு வச்சுக்கங்க. புது ஷூ வாங்குனா போட்டிக்கு மூணு வாரம் முன்னாடியே போட்டுப் பழகுங்க. போட்டியன்னைக்குப் புதுசா எதையும் போடக்கூடாது, சாக்ஸைக் கூட.

இப்ப தங்கச்சிகளுக்கு மட்டும். தம்பிகளும் கேட்டுக்கலாம், கேட்டா நல்லதுதான். மாதவிடாய் நாள்ல ஓடலாம், தப்பே இல்ல. வலி ஜாஸ்தியா இருந்தா ஓட வேண்டாம். அதை டீச்சர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. யாருக்கு எப்ப தேவைப்படும்னு தெரியாது, அதனால எல்லாரோட பையிலயும் ரெண்டு பேடும் அடர் கலர்ல ஒரு மாத்து ஷார்ட்ஸும் இருக்கணும். மைதானத்துக்குப் போனதும் முதல் வேலையா பாத்ரூம் எங்க இருக்குன்னு பாருங்க. அப்புறம் ரத்தசோகை. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மூச்சு வாங்குது, படி ஏறுனாலே தலை சுத்துதுன்னா அதைச் சோம்பேறித்தனம்னு யாரும் சொல்லக்கூடாது. ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாக்கணும். பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒண்ணு தர்ற நீலக் கலர் இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியா வீசாதீங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் போடுங்க. போட்ட கையோட டீ குடிக்காதீங்க, டீ அந்தச் சத்தை உடம்புல சேர விடாது. முருங்கைக்கீரை, கேப்பை, பேரீச்சம்பழம் எல்லாம் வீட்டுல கிடைக்கிறதுதான். மெதுவா ஓடுதுன்னு டீம்ல ஒதுக்குற பிள்ளைகள்ல சில பேருக்கு உண்மையில ரத்தம் கம்மியா இருக்கும். இதை நான் ரொம்ப அக்கறையோட சொல்றேன்.

அடுத்து, யார் எப்ப ஓடணும்? இதுலதான் நிறைய டீம் சண்டை போடும். என் கணக்கு இது. முதல் ஆள் கூட்டத்துல முழங்கை இடிபட்டாலும் பதறாத பிள்ளையா இருக்கணும். வேகம் அதுக்கு அடுத்ததுதான். மெதுவா ஓடுற பிள்ளையை ரெண்டாவதா விடுங்க. அப்ப இன்னும் கூட்டம் கலைஞ்சிருக்காது, பக்கத்துல ஓட ஆள் இருக்கும், அந்தத் துணையே இழுத்துட்டுப் போகும். மூணாவது ஆள்தான் பாவம், முன்னாலயும் பின்னாலயும் யாரும் தெரியாம தனியா ஓட வேண்டி வரும். அதனால பயிற்சியில தனியா ஓடியும் வேகம் குறையாத பிள்ளை யாருன்னு பாத்து அங்க நிறுத்துங்க. கடைசி ஆள், முன்னால ஒரு முதுகு தெரிஞ்சா விடாத ஆளா இருக்கணும். கலப்பு ரிலேன்னா வரிசையை நிர்வாகமே சொல்லியிருக்கான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் கணக்குப் போடுங்க.

ஆள் மாத்துற இடத்துலதான் ஓடிச் சம்பாதிச்ச நேரம் மொத்தமும் போகும். உலக அத்லெட்டிக்ஸ் விதிப்படி கிராஸ் கன்ட்ரி ரிலேயில 20 மீட்டர் இடைவெளியில ரெண்டு கோடு போட்டிருப்பாங்க. வேற மாதிரி சொல்லலைன்னா கோல் கிடையாது, வர்றவங்க போறவங்களைத் தொட்டாப் போதும். தொடுறது அந்த ரெண்டு கோட்டுக்குள்ள நடக்கணும். வலது கையா இடது கையான்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. மைக் சத்தத்துல எதுவும் கேக்காது. காத்திருக்கிறவங்க கையை உசத்தி ஆட்டணும், வர்றவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும். தொட்டு முடிச்சதும் அங்கயே விழாதீங்க, ஓரமா ஒதுங்குங்க. இதைப் பயிற்சியில களைச்சுப் போன பிறகு செஞ்சு பழகணும். தெம்பா இருக்கும்போது செஞ்சா எல்லாருக்கும் சரியாத்தான் வரும்.

ஆள் மாத்துற அந்த நேரம் எவ்வளவு முக்கியம்னு சொல்ல ஒரு உதாரணம். ஜப்பான்ல எகிடென்னு ஒரு நெடுந்தூர ரிலே இருக்கு. 1917-ல கியோட்டோவுலருந்து டோக்கியோ வரைக்கும் ஓடி ஆரம்பிச்சாங்க. கோலுக்குப் பதிலா தோள்ல குறுக்கே போடுற துணிப் பட்டையை மாத்துவாங்க. அங்க ஹகோனே எகிடென்னு சொல்ற பல்கலைக்கழகப் போட்டியில, ஒரு டீமோட ஆள் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வரலைன்னா அடுத்தவரை அந்தப் பட்டை இல்லாமலேயே கிளப்பி விட்டுருவாங்க. கூட்டாளி கொண்டு வர்ற பட்டையை வாங்க முடியலைன்னு அழுத பிள்ளைக அங்க எத்தனையோ பேர்.

போட்டிக்கு முதல் நாள் ராத்திரி பரோட்டா சால்னா வேண்டாம். சோறோ இட்லியோ சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்க. காலையில ஓடுறதுக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி மூணு இட்லி, ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம். தண்ணியை மடக்கு மடக்கா குடிக்கணும், ஒரே மூச்சுல சொம்பைக் கவுக்கக்கூடாது. எலுமிச்சைச் சாறுல உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு பாட்டில் எடுத்துக்கங்க. ஜிகர்தண்டா ஓடி முடிச்சு சாயந்திரம்.

மைதானத்துக்குப் போனதும் நாலு பேரும் பாதை முழுக்க ஒரு தடவை நடங்க. கம்பாலாவுல ஜெயிச்ச கென்யா டீம்ல இருந்த பியாட்ரிஸ் செப்கோச், அதே 2017-ல லண்டன் உலகப் போட்டியில 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓடும்போது முதல் தண்ணித் தடைக்குத் திரும்பாம நேரா போயிட்டாங்க. திரும்பி வந்து தாண்ட வேண்டியதாப் போச்சு, நாலாவது இடம்தான் கிடைச்சது. அடுத்த வருஷமே 8 நிமிஷம் 44.32 வினாடியில உலக சாதனை பண்ணுனவங்க அவங்க. நம்ம புதுக்கோட்டை லட்சுமணனுக்கு 2018 ஆசிய விளையாட்டுல, ஜகார்த்தாவுல, 10,000 மீட்டர்ல மூணாவதா வந்தும் வெண்கலம் கிடைக்கலை. ஒரு கால் கோட்டைத் தாண்டி உள்ள பட்டுருச்சுன்னு தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க. அவ்வளவு பெரிய ஆளுகளுக்கே இப்படி நடக்குதுன்னா, நீங்க ஒவ்வொரு திருப்பத்தையும் கண்ணால பாத்துருக்கணும். எங்க கயிறு கட்டியிருக்கு, எங்க குழி, எங்க சகதி, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கங்க. முதல்ல ஓடி முடிச்சவங்க பின்னால ஓடுறவங்களுக்குச் சேதி சொல்லணும்: “ரெண்டாவது வளைவுல இடது பக்கம் போ, வலது பக்கம் வழுக்குது.”

வார்ம் அப் பண்றதுல ஒரு கணக்கு இருக்கு. 2 கிலோமீட்டர் ஓட உங்களுக்கு எட்டு நிமிஷம் ஆகுதுன்னு வைங்க. முதல் ஆள் கிளம்பும்போதே மூணாவது ஆள் வார்ம் அப் ஆரம்பிக்கணும், ரெண்டாவது ஆள் கிளம்பும்போது நாலாவது ஆள். அதுவரைக்கும் நிழல்ல இருங்க. வெயில்ல நின்னு கத்திக் கத்தித் தெம்பைக் கரைக்காதீங்க. ஓடும்போது யாருக்காவது உடம்பு சிலிர்த்தாலோ, பேச்சு குளறுனாலோ, கால் பின்னுனாலோ உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டு வந்து தலை, கழுத்து, அக்குள்ல தண்ணி ஊத்துங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. அந்த நேரத்துல ரிலேயைப் பத்தி யோசிக்கவே கூடாது.

தோத்துட்டு வந்தா யாரையும் வையாதீங்க. நம்ம மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைத் தெரியுமில்ல? சின்ன வயசுலயே அப்பா அம்மாவை இழந்தாங்க, பாட்டி கூலி வேலை செஞ்சு வளர்த்தாங்க. வெறுங்காலோட ஓட ஆரம்பிச்சவங்க பாட்டியாலாவுல நடந்த தேர்வு ஓட்டத்துல 53.55 வினாடியில ஜெயிச்சு, 2021-ல டோக்கியோ ஒலிம்பிக் 4x400 கலப்பு ரிலே டீமுக்குள்ள வந்தாங்க. முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ், ரேவதி. நாலு பேர்ல மூணு பேர் நம்ம தமிழ்நாடு. 3 நிமிஷம் 19.93 வினாடி ஓடுனாங்க, இறுதிப் போட்டிக்குப் போகலை. ஆனா சக்கிமங்கலத்துலருந்து ஒரு பொண்ணு ஒலிம்பிக் மைதானத்துல ஓடுனது ரிலே இருந்ததாலதான்.

கடைசியா பி.டி. சார்களுக்கும் அப்பா அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். டீம்ல அஞ்சாவதா ஒரு மாத்து ஆள் இருப்பாங்க. எல்லாப் பயிற்சிக்கும் வருவாங்க, முள்ளு குத்திக்குவாங்க, கடைசியில பையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அடுத்த வருஷம் டீமைத் தூக்கி நிறுத்தப் போறது அந்தப் பிள்ளையாக்கூட இருக்கலாம். ஜெர்சி தைக்கக் குடுக்கும்போது அஞ்சு ஜெர்சியா தைக்கச் சொல்லுங்க, அஞ்சாவதுலயும் பேர் போட்டுக் குடுங்க.