வண்டியைப் படித்த பிறகு புத்தகம்

எங்கள் மலையூரான கோலா தெர்லாவில் விடியற்காலை ஐந்தரைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அன்றைய பொழுதே போச்சு. அறுத்த கோஸ் கூடையில் கிடக்கும். கம்போங் ராஜாவில் லோரிக்காரர் காத்திருப்பார். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் என் வண்டி வேலையை நானே பார்க்கப் பழகினேன். அதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் நெருப்புப் பொறியோடு வந்தது.

என்னுடையது பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ, டீசல். ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதன் ரிப்பேர் புத்தகம் கிடைத்தபோது புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. துருப்பிடித்த பேட்டரிப் பெட்டியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, புது கேபிள் போட்டேன். புத்தகத்தில் பாசிட்டிவ் முனை பாடிக்கு என்று இருந்தது. அப்படியே மாட்டினேன். பொறி பறந்தது, ஆல்டர்னேட்டரிலிருந்து புகை கிளம்பியது.

திரிங்காப்பிலிருந்து வந்த வயதான மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, புக்கு சரிதான். ஆனா இந்த வண்டி இப்ப அந்த வண்டி இல்லயே.”

அறுபதுகளின் பிற்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்கள் டைனமோவோடும் பாசிட்டிவ் எர்த்தோடும் வந்தவை. எனக்கு முன் வைத்திருந்த யாரோ டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டு, நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறார்கள். நான் தலைகீழாக மாட்டியதில் உள்ளே இருந்த டயோடுகள் எரிந்துபோயின. புத்தகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தையிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் வண்டியைப் படியுங்கள்

கடைக்குப் போகுமுன் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிப் பதிவு அட்டையான கிரானில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சீரிஸ் 2 வந்தது 1958இல், 2ஏ 1961இல், சீரிஸ் 3 1971இல். பார்ப்பதற்கு மூன்றும் அண்ணன் தம்பிகள்தான். ஆனால் 2ஏ கியர்பாக்ஸில் மூன்றாவது, நான்காவது கியருக்கு மட்டுமே சிங்க்ரோமெஷ். சீரிஸ் 3இல் நான்குக்கும் உண்டு. ஒன்றின் புத்தகத்தை வைத்து மற்றதைப் பிரித்தால் பாதி வழியில் நிற்பீர்கள்.

எஞ்சின் மாற்றிய வண்டியாக இருந்தால் பாடிக்கு ஒரு புத்தகம், எஞ்சினுக்கு ஒரு புத்தகம் வேண்டும். பழைய இரண்டேகால் லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் செயின். அதே வண்டியில் 300டிடிஐ எஞ்சின் ஏற்றியிருந்தால் அதற்கு டைமிங் பெல்ட். பழைய புத்தகத்தில் பெல்ட் மாற்றும் பேச்சே இருக்காது. பெல்ட் அறுந்தால் எஞ்சின் போச்சு.

எந்தப் புத்தகம் எதற்கு

வண்டியோடு வரும் சிறு கையேடு ஆயில், காற்று, சர்வீஸ் தேதிக்கு. கம்பெனியின் வொர்க்‌ஷாப் மேனுவல் பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு எழுதியது. அளவுகளுக்கு அதை நம்பலாம், ஆனால் சிறப்புக் கருவிகளைக் கேட்கும். பார்ட்ஸ் கேட்டலாக்கைப் பலர் வாங்குவதில்லை. எந்த வாஷர் எந்தப் பக்கம் என்பதை அதிலுள்ள படத்தைப் போல வேறெதுவும் காட்டாது.

வீட்டில் வேலை செய்பவருக்கு ஹேய்ன்ஸ் புத்தகங்கள் நல்ல தொடக்கம். பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் இருந்த ஜான் ஹேய்ன்ஸ், நண்பரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைச் சரிசெய்யும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தார். அதிலிருந்து பிறந்த முதல் புத்தகம் 1966இல் வந்தது. வேலை எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து ஸ்பேனர் படம் போட்டுக் காட்டும் வழக்கமும் அந்தப் புத்தகங்களில் உண்டு. புதியவர்கள் ஒன்றிலும் இரண்டிலும் கை பழக்கிக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டுப் பதிப்பு என்றும் பாருங்கள். ஹைலக்ஸ் வைத்திருப்பவர் அமெரிக்க டொயோட்டா புத்தகம் வாங்கினால் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின்தான் கிடைக்கும். நம் டீசல் அதில் இருக்காது.

வாங்குமுன் ஒரு சோதனை

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையைப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். நான் டாப்பெட் சரிசெய்யும் பக்கத்தைத்தான் பிரிப்பேன். என் எஞ்சினுக்கு இடைவெளி 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவதற்கு ஆறாவது, ஐந்தாவதற்கு நான்காவது. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்பது வரும். ஃபீலர் தகட்டை இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே இடைவெளி மாறும். இந்த வரிசை, அளவு, கடைசிச் சரிபார்ப்பு மூன்றும் தெளிவாக இருந்தால் அது நல்ல புத்தகம். “இடைவெளியைச் சரிசெய்யவும்” என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.

இறுக்கும் அளவு எந்த அலகில் இருக்கிறது என்பதும் முக்கியம். 65 பவுண்டு-அடி என்றால் 88 நியூட்டன் மீட்டர். அலகு மாறினால் போல்ட் தளரும், இல்லையேல் முறியும். ஸ்கேன் பிரதி என்றால் அளவு அட்டவணையும் வயரிங் படமும் படிக்க முடிகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

கோளாறு தேடும் பகுதி

நல்ல புத்தகம் அறிகுறியிலிருந்து காரணத்துக்குக் கூட்டிப்போகும். மலைக் குளிரில் என் வண்டி கிளம்பாமல் நின்றபோது பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். வயரிங் படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது: நான்கு குளோ பிளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று செத்தால் நான்குமே சூடாகாது. கெட்ட பிளக் ஒன்றை மாற்றினேன், வண்டி கிளம்பியது.

பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேறு கதை. தாப்பா ரோட்டு வளைவுகளில் இறங்கும் வண்டி இது. ஒரு வரி புரியாவிட்டாலும் அங்கேயே நிறுத்தி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் வண்டி புத்தகத்திலிருந்து எங்கெல்லாம் விலகியிருக்கிறது என்பதைத் தமிழிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறப்பவருக்கு அதுதான் வழிகாட்டி. என் நோட்டின் முதல் வரி: “நெகட்டிவ்தான் பாடிக்கு.” அதையே பேட்டரிப் பெட்டி மூடியிலும் வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன்.