சந்தேகச் சாவு என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி

"உடலைப் புதைத்தீர்களா, எரித்துவிட்டீர்களா?"

சந்தேகச் சாவு என்று என்னைத் தேடி வருபவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறேன். கேட்க மனசு கூசும். எதிரில் இருப்பவர் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக இருப்பார், தம்பியை இழந்த அக்காவாக இருப்பார். ஆனாலும் கேட்டாக வேண்டும். புதைத்த உடலைத் தாசில்தார் முன்னிலையில் தோண்டியெடுத்து மறுபடியும் பரிசோதிக்க வழி இருக்கிறது. எரித்துவிட்டால் முதல் பரிசோதனையில் எழுதியதும், எடுத்து வைத்த உறுப்புகளும் மட்டுமே மிச்சம். வழக்கம் எதுவாக இருந்தாலும், சாவில் துளி சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல்பட்டில் இருந்துகொண்டு தனியார் துப்பறியும் தொழில் செய்கிறேன். வருகிற வேலையில் பெரும்பகுதி கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை சொல்லும் வேலை நிஜமா, முன்பே ஒரு குடும்பம் இருக்கிறதா, கடன் எவ்வளவு என்று பார்ப்பது. அடுத்தது சொத்துத் தகராறு. கொலை அபூர்வமாகத்தான் வரும். வரும்போது பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும். சனி, ஞாயிறு ஆனால் பட்டணம் பாதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்குகிறது. முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை விடுதிகள், வாடகைப் பண்ணை வீடுகள், சவுக்குத் தோப்புகள். பட்டணத்தில் தொடங்கிய கடனும் பகையும் சில நேரம் இந்த மணலில் வந்து முடிகின்றன.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்கள் என்னிடம் கேட்பது உண்டு: கொலையை நாமே கண்டுபிடித்துவிடலாமா? நமக்கு யாரையும் கைது செய்ய அதிகாரம் இல்லை. ஒருவர் வீட்டைச் சோதனையிட முடியாது, ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கைப்பற்ற முடியாது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-ல் மாநிலங்களவையில் வந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005-ன் சட்டம் இருக்கிறது, நமக்கென்று உரிமமே கிடையாது. கொலை வழக்கில் நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அழிந்துபோகிற தடயத்தையும் வாய் மூடிவிடக்கூடிய சாட்சியையும் காப்பாற்றி, சட்டம் பார்த்தே தீர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது. சின்ன வேலை போலத் தெரியும். மூடிய கோப்பு திறப்பது இதனால்தான்.

மும்பையின் ரஜனி பண்டிட்டைப் பற்றிப் படித்தபோதுதான் இது எனக்குத் தெளிவானது. சி.ஐ.டி. அதிகாரியின் மகள். இந்தியாவின் முதல் பெண் தனியார் துப்பறிவாளர் என்று அறியப்படுபவர். 1991-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். கணவனையும் மகனையும் கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டில் அவர் வேலைக்காரியாகச் சேர்ந்து 6 மாதம் இருந்தார். அந்தப் பெண் நோயில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு நம்பிக்கையைப் பெற்றார். ஒருநாள் ஒலிப்பதிவுக் கருவி எழுப்பிய சின்னச் சத்தத்தால் சந்தேகம் வந்து, வெளியே போகவே தடை விழுந்தது. கூலிக்குக் கொன்றவன் என்று நினைத்த ஆள் அந்த வீட்டுக்கு வந்த நாளில், சமையலறைக் கத்தியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு, ரத்தம் ஒழுக, டாக்டரிடம் போகிறேன் என்று ஓடினார். ஓடிய இடம் எஸ்.டி.டி. பூத். போலீசோடு வரச் சொல்லி, வழக்கைக் கொடுத்தவருக்குப் போன் செய்தார். இருவரும் கைதானார்கள். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கத்தியும் ரத்தமும்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்கின்றன. எனக்கு அந்தப் போன். அத்தனை மாதமும் பாத்திரம் தேய்த்தது அந்த ஒரு அழைப்புக்காக. அவருடைய துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் சந்தேகத்துக்குரியவர் வீட்டிலேயே தனியாகத் தங்குவதை இன்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லித்தர மாட்டேன். உயிருக்கு ஆபத்து ஒருபக்கம். பொய்ப் பெயரில் உள்ளே நுழைந்து திரட்டியதை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துத் தொங்கவிடுவார் என்பது இன்னொரு பக்கம்.

என் கையில் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். குடும்பம் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சென்னையில் கார் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர். ஆடி மாதத்தில் நண்பர்களோடு கடற்கரைக்கு வந்தவர் இறந்துபோனார். குடித்துவிட்டுக் குளிக்க இறங்கினான், அலை இழுத்துக்கொண்டது என்றார்கள் நண்பர்கள். இரண்டு நாள் கழித்து உடல், அவர்கள் சொன்ன இடத்துக்கு வெகு தெற்கே ஒரு குப்பத்தருகே ஒதுங்கியது. நீரில் மூழ்கிய சாவு என்று கோப்பு முடிந்தது. அவருடைய அக்கா திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தார். "மேடம், என் தம்பி முழங்கால் தண்ணியிலேயே நிக்க மாட்டான்" என்றார். நல்லவேளையாக உடலைப் புதைத்திருந்தார்கள்.

நான் முதலில் போனது காவல் நிலையத்துக்கு இல்லை, அந்தக் குப்பத்துக்கு. விடியலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ஆடியில தண்ணி வடக்கால தாம்மா இஸ்க்கும். அங்க வுழுந்தவன் தெக்கால எப்டி வருவான்? அந்தப் புள்ள இதுக்கும் தெக்கதான் தண்ணிக்குப் போயிருக்கணும்."

இந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்கக் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் திசை திரும்பும். சென்னைத் துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இந்த ஓட்டத்தால்தான். மீனவருக்கு இது பிறந்த நாளிலிருந்து தெரியும். கோப்பை எழுதியவர் யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒருநாள் காற்றால் ஓட்டம் மாறவும் கூடும் என்பதால், பெரியவர் சொன்னதோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று, நீரோட்ட விவரங்களைத் தருகிறது. அந்த நாள்களுக்கான தகவலை நீதிமன்றம் வழியாகக் கேட்டுப் பெற வேண்டும் என்று, பின்னால் போட்ட மனுவில் எங்கள் வக்கீல் சேர்த்தார்.

கடல் தடயத்தை விழுங்கிவிடும் என்று நினைத்தவர்கள் முன்பும் ஏமாந்திருக்கிறார்கள். 1952-ல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலையில், தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது. கடலில் போட்ட தலையோ ராயபுரம் கரையிலேயே ஒதுங்கியது. இரண்டும் ஒருவருடையவைதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் கோபாலகிருஷ்ணன் நிறுவினார்.

எங்கள் வழக்கிலும் மருத்துவ அறிக்கையைப் பார்க்க வேண்டியிருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை நெருங்கிய உறவினர் மனு கொடுத்து வாங்கலாம். வாங்கியதும் முடிவை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உள்ளுறுப்புகள் ஆய்வுக்குப் போயினவா, டயாட்டம் சோதனை கேட்கப்பட்டதா என்று பாருங்கள். டயாட்டம் என்பது நீரில் வாழும் நுண்பாசி. உயிரோடு மூழ்கியவர் நீரை உள்ளிழுக்கும்போது அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்தபின் தண்ணீரில் போட்டால் அப்படிப் போவது அரிது. அது ஒன்றே தீர்ப்பாகிவிடாது என்றாலும் கேள்வியை எழுப்பப் போதும். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் 1849 வரை போகிறது. இவ்வளவு பழைய, தேர்ந்த துறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சோதனையே கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெண்ணாக இருப்பதன் பலன் எனக்குக் கிடைத்தது, பெரியவர் சொன்ன தெற்குப் பக்கம் தேடிப்போனபோது, ஒரு சிற்பக்கூடத்தின் பின்கட்டில். மாமல்லபுரத்தைச் சுற்றிச் சாலையோரம் நெடுகக் கல் செதுக்கும் பட்டறைகள் உண்டு. வேலை நெருக்கும்போது இரவிலும் ஆள் இருப்பார்கள். ஆண்கள் எல்லோரும் "ஒண்ணும் பாக்கல" என்றார்கள். அவர்களுக்குச் சோறாக்கிப் போடும் அம்மா மட்டும் என் முகத்தைப் பார்க்காமலே அரிசி களைந்துகொண்டிருந்தார். பார்க்காமல் இருந்ததே எனக்குப் போதுமான பதில். அடுத்தடுத்த நாள்களில் போய் உட்கார்ந்தேன். வழக்கைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய மகளின் படிப்பு, ஊர், முழங்கால் வலி. பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார். அந்த ராத்திரி அந்தக் காரைப் பார்த்திருக்கிறார், நண்பர்கள் சொன்ன இடத்தில் இல்லை, தெற்கே. சண்டைச் சத்தமும் கேட்டிருக்கிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். சாட்சிக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் மகளுக்கு ஃபீஸ் கட்டுகிறேன் என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வார்த்தை போதும், சாட்சி விலைக்கு வாங்கப்பட்டவர் ஆகிவிடுவார். அவர் சொல்லாததை நீங்கள் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. நான் செய்தது, அவருடைய வீட்டுக்காரரையும் உட்கார வைத்து இருவரிடமும் சேர்ந்து பேசியது. மாஜிஸ்திரேட் முன்பு நேராக வாக்குமூலம் கொடுக்கலாம் (பழைய 164, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183). மிரட்டல் வந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடலாம். இந்த இரண்டும் தெரிந்தபிறகுதான் வீட்டுக்காரர் சம்மதித்தார்.

கேமரா விஷயத்தில் தாமதமே கூடாது. டீக்கடை, பெட்ரோல் பங்க், விடுதி வாசல் என்று எங்கும் கேமரா உண்டு. ஆனால் சில நாளிலோ சில வாரத்திலோ பழையதன்மேல் புதியது பதிவாகிவிடும். முதல் நாளே கடைக்காரரிடம் போய், அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், அதன் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். பரனூர், உத்தண்டி சுங்கச்சாவடிப் பதிவுகள் நம் கைக்கு வராது. எந்த நாள், எந்த மணி, எந்த வண்டி எண் என்று குறித்து, விசாரணை அதிகாரி அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மனுவில் எழுதலாம். நகல் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டால் போதாது. பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் இல்லாமல் அந்தப் படம் நீதிமன்றத்தில் நிற்காது.

செல்போன் அழைப்புப் பட்டியலை யாரோ விற்கிறார் என்று உங்கள் காதில் விழும். தொடாதீர்கள். 2018-ல் மகாராஷ்டிரத்தின் தானே நகரப் போலீசார் இதே விவகாரத்தில் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தார்கள், நாடறிந்தவர்களும் அதில் இருந்தார்கள். போலீஸ் என்றோ அரசு ஊழியர் என்றோ சொல்லிக்கொள்வதும் குற்றம். நான் யார் என்று கேட்டால் "அந்தக் குடும்பத்துக்காக விசாரிக்கிறேன்" என்பேன். அது உண்மையும்கூட. சவுக்குத் தோப்புகளுக்கும் ஆளில்லாத மனைகளுக்கும் இருட்டியபின் தனியாகப் போகமாட்டேன், போகும் பகலிலும் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவர் போனில் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இன்னொன்று. கொலை நடந்ததாகத் தெரிந்தபின் அதை வாடிக்கையாளரின் ரகசியம் என்று பொத்தி வைக்க முடியாது. தெரிந்தவர் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. வழக்கை எடுக்கும்போதே இதைக் குடும்பத்திடம் சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிவிடுகிறேன். குற்றவாளி அகப்பட்டால் இவ்வளவு கூலி என்று பேசுவதும் இல்லை. அப்படிப் பேசினால் யாரையாவது குற்றவாளி ஆக்கத் தோன்றிவிடும்.

திரட்டியதை எல்லாம் தேதிவாரியாக எழுதி அக்காவின் கையெழுத்தோடு கொடுத்தோம். நிலையத்தில் அசையவில்லை. சட்டம் சொல்லும் அடுத்த படி எஸ்.பி.க்கு எழுத்து மூலம் புகார் (அதே சன்ஹிதாவின் 173-ன் 4-ஆம் உட்பிரிவு), அதற்கும் அடுத்தது மாஜிஸ்திரேட்டிடம் மனு (175-ன் 3). நீதிமன்றம் போனபின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது, சந்தேக மரணம் கொலை வழக்காக மாறியது. இப்போது விசாரணையில் இருப்பதால் மேற்கொண்டு எழுதுவது சரியில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு சாவு நேர்ந்தால், என்னைப் போன்றவரைத் தேடுவதற்கு முன் சிலவற்றை நீங்களே செய்ய முடியும். "எங்க லிமிட் இல்ல" என்று யார் சொன்னாலும் திரும்பி வராதீர்கள். கேளம்பாக்கம் 2022-ல் வந்த தாம்பரம் ஆணையரகத்தில் இருக்கிறது, மாமல்லபுரம் செங்கல்பட்டு எஸ்.பி.யின் கீழ் வருகிறது, ஆனால் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், அது இலவசம். இறந்தவர் கல்யாணமாகி 7 வருடத்துக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணைக்கு வருவார், அவரிடம் பயப்படாமல் பேசுங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது போலீசின் கடமை. தேதியைக் குறித்து வைத்து, அந்த நாளில் போய்க் கேளுங்கள்.