நிற்காத ரயிலை நிறுத்திய சிற்றூர்
வர்த்தகர்கள் படிக்க வேண்டிய ஒரு பாடம்

பாதையோரத்தில் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. பாதை மாறிப் போய்விடுமோ என்ற பயம்தான் அது. விலை ஏறினால் சமாளிக்கலாம். எதிரே இன்னொரு கடை வந்தாலும் போட்டி போட்டுப் பார்க்கலாம். ஆனால் வாடிக்கையாளர் வரும் பாதையே மாறிவிட்டால் என்ன செய்வது?

எனக்கு அது நடந்தது. காலி வீதியோரத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை வைத்திருந்தேன். தெற்கே போகும் வான்களும் கார்களும் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். 2011 நவம்பரில் அதிவேகப் பாதை காலி வரை திறக்கப்பட்டது. தூரப் பயணக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். எங்கள் பஸாரில் ஒரு கூட்டம் கூடியது. நல்லதொரு வாகனத் தரிப்பிடம், சுத்தமான மலசலகூடம், பெயர்ப்பலகைகள் ஆகியவற்றை நாமே செய்வோம், கடைக்கு இருபத்தையாயிரம் ரூபாய் போடுவோம் என்று ஒருவர் யோசனை சொன்னார். முதலில் எழுந்து மறுத்தவன் நான்தான். "இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நாம் எதற்குச் சல்லி போட வேண்டும்?" என்றேன். எல்லோரும் ஆமோதித்தார்கள். கூட்டம் கலைந்தது. இரண்டு வருடங்களில் என் கடையும் மூடப்பட்டது.

அதன் பிறகு வாகன உதிரிப்பாக வியாபாரத்துக்கு மாறினேன். அந்த வேலையாக ஜப்பானின் ஹமமட்சு நகருக்குப் போன ஒரு பயணத்தில்தான் ககேகவா என்ற ஊரைக் கண்டேன்.

இருபத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு

ககேகவா, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷிசுவோக்கா மாகாணத்தில் உள்ள ஊர். பச்சைத் தேயிலைக்குப் பேர் போனது. சாதாரண ரயில் 1889ஆம் ஆண்டிலேயே அங்கு வந்துவிட்டது. 1964 ஒக்டோபர் முதலாம் திகதி உலகின் முதல் அதிவேக ரயில் பாதையான டொகாய்தோ ஷின்கான்சென் திறக்கப்பட்டது. மணிக்கு 210 கிலோமீற்றர் வேகம். அந்தப் பாதை ககேகவாவின் ஊடாகவே போனது. ஆனால் ரயில் அங்கு நிற்கவில்லை. கிழக்கே ஷிசுவோக்கா நகரில் நின்றால் அடுத்து மேற்கே ஹமமட்சுவில்தான் நின்றது. இடையே 70 கிலோமீற்றருக்கு மேல் ஒரு தரிப்பும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். இரைச்சல் உங்கள் ஊருக்கு, வியாபாரம் அடுத்த ஊருக்கு. ஏறத்தாழ 24 ஆண்டுகள் அந்த மக்கள் ரயில் பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

நிலையம் கேட்டபோது கிடைத்த பதில் கணக்கு முறையானது. ஏற்கனவே ஓடும் பாதையில் புதிய நிலையம் வேண்டுமென்றால், கேட்கும் ஊர்தான் செலவை ஏற்க வேண்டும். இந்த இடத்தில்தான் நாம் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர்கள் போகவில்லை.

1977இல் நகர மேயராக வந்தவர் ஜுனிச்சி ஷின்முரா. 2005 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1979இல் ககேகவாவை "வாழ்நாள் முழுதும் கற்கும் நகரம்" என்று பிரகடனம் செய்தார். மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டி, ஊருக்கு என்ன தேவை, அதற்கு என்ன செலவாகும் என்று வெளிப்படையாகப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார். நிலையத்துக்கான நிதி சேகரிப்பு இந்த அடித்தளத்தின் மேல்தான் நடந்தது. மாகாண நிர்வாகமும் பங்கெடுத்தது. ஆனால் ஊரிலிருந்து நன்கொடையாக மட்டும் சேர்ந்த தொகை சுமார் 300 கோடி யென். அப்போது அந்த ஊரின் சனத்தொகை சுமார் 70 ஆயிரம். வகுத்துப் பார்த்தால் குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு 40 ஆயிரம் யென்னுக்கு மேல்.

1988 மார்ச் 13ஆம் திகதி ஷின்கான்சென் ககேகவாவில் நின்றது.

பழைய வாசலை விடவில்லை

ஊரின் பக்கம், அதாவது வடக்கு வாசலில், 1930களில் கட்டிய ஒரு மரக் கட்டடம் இருந்தது. சிறிய ஓட்டுக் கூரை, பலகைச் சுவர். பெரிய ரயில் வந்துவிட்டதே என்று அதை இடித்துக் கண்ணாடி மாளிகை எழுப்பவில்லை. தெற்கே அதிவேக ரயிலுக்கான புதிய பகுதி, வடக்கே பழைய மரக் கட்டடம் என இரண்டும் அருகருகே இருந்தன.

பூமியதிர்ச்சிக்குத் தாங்கும்படி அதைத் திருத்த வேண்டிய காலம் வந்தபோது, பழைய தோற்றத்தைக் காப்பாற்ற ஊரில் இரண்டாம் முறையும் பணம் திரட்டினார்கள். கட்டடத்தைப் பிரித்து, பாவிக்கக்கூடிய பழைய மரங்களை மீண்டும் பாவித்து, உறுதியாகக் கட்டினார்கள். 2014இல் வேலை முடிந்தது. இன்று ஷின்கான்சென் நிற்கும் நிலையங்களில் மரக் கட்டடம் உள்ளது இது ஒன்றுதான் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நான் அந்த வாசலில் நின்றபோது, பயணிகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுப்பதைக் கண்டேன். எந்த விளம்பரக் கம்பனிக்குக் காசு கொடுத்தாலும் இப்படியொரு விளம்பரம் கிடைக்காது.

நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ககேகவா கோட்டை இருக்கிறது. 1854ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் சேதமடைந்த அதன் கோபுரத்தை 1994இல் மரத்தாலேயே மீளக் கட்டினார்கள். அதற்கும் ஊர்க்காரர்களின் நன்கொடை இருந்தது. ரயிலை நிறுத்தியதோடு அவர்கள் வேலை முடியவில்லை. இறங்கியவர் பார்க்கவும் வாங்கவும் ஏதாவது இருக்க வேண்டும் என்பதையும் யோசித்திருக்கிறார்கள்.

கணக்கின் மறுபக்கம்

வியாபாரிக்கு ஒரு பக்கக் கணக்கைக் காட்டக் கூடாது. மறுபக்கமும் உண்டு.

ககேகவாவில் எல்லா ரயிலும் நிற்பதில்லை. வேகம் குறைந்த கொதாமா மட்டும்தான் நிற்கும். நான் ஏறிய கொதாமா அங்கு சில நிமிடங்கள் காத்து நின்றது. நடுத் தண்டவாளத்தில் நொசோமி ரயில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அது போன பிறகுதான் எங்கள் ரயில் புறப்பட்டது. செலவழித்தவருக்கும் கேட்டது முழுவதும் கிடைக்காது என்பதற்கு அது கண் முன்னே கண்ட சாட்சி.

அடுத்தது, பாதை இரண்டு பக்கமும் ஓடும். ஷிசுவோக்காவுக்குச் சுமார் கால் மணி நேரம், ஹமமட்சுவுக்கும் அவ்வளவுதான். வெளியூர்க்காரர் உள்ளே வரலாம், உள்ளூர்க்காரர் பெரிய நகரத்துக் கடைகளுக்கும் போகலாம். உறிஞ்சு குழாய் போலப் பெரிய நகரம் சிறிய ஊரை இழுத்துவிடும் என்று ஜப்பானியர் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். சிறிய ஊர்களின் நிலையத் தெருக்களில் பகலிலேயே கதவு இழுத்துவிட்ட கடைகளை அந்நாட்டில் பல இடங்களில் காணலாம். பெரிய வாகனத் தரிப்பிடம் உள்ள புறநகர்க் கடைகளுக்குச் சனம் போய்விட்டது. நிலையம் ஆட்களைத்தான் கொண்டு வரும். அவர்களை வாடிக்கையாளராக்குவது கடைக்காரரின் வேலை.

மூன்றாவது, பயன் சமமாகப் பிரிவதில்லை. நிலையம் வந்தால் அருகே காணி வைத்திருப்பவருக்கு உடனே இலாபம். வாடகைக் கடைக்காரருக்கு முதலில் வருவது வாடகை உயர்வுதான். ஆகவே பொதுவான ஒரு விடயத்துக்குப் பணம் சேர்க்கும்போது, யார் எவ்வளவு பயனடைவார் என்பதையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். பிறகு மனக்கசப்பு வராது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒன்று: உரிமையைக் கேளுங்கள், ஆனால் கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதுதான் என்பது சரியான வாதமாக இருக்கலாம். சரியான வாதத்தோடு கடையை மூடியவன் நான்.

இரண்டு: பணம் கேட்பதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள். பல வருடங்கள் மக்களோடு பேசிய பிறகுதான் ககேகவாவில் அவ்வளவு பணம் சேர்ந்தது. நம் சங்கங்களில் பணம் கேட்கும் நாளில்தான் திட்டத்தையே சொல்கிறோம்.

மூன்று: புதியது வரும்போது பழையதன் பெறுமதியை நிறுத்துப் பாருங்கள். ஐம்பது வருடக் கடையின் பழைய மேசையும் பெயர்ப்பலகையும் சில வேளை புதிய அலங்காரத்தை விட அதிகம் உழைத்துத் தரும்.

நான்கு: வருபவருக்கு உங்கள் ஊரின் பொருளைக் கொடுங்கள். ககேகவாவில் இறங்குபவர் கையில் தேயிலைப் பொதியோடு திரும்புகிறார். எல்லா ஊரிலும் கிடைக்கும் பொருளுக்காக யாரும் வழியில் இறங்க மாட்டார்.

திரும்பி வரும் வழியில் அந்த மரக் கட்டடத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றேன். எங்கள் பஸாரின் கூட்டம் நினைவுக்கு வந்தது. இருபத்தையாயிரம் ரூபாய் போட்டிருந்தால் என் கடை நிச்சயம் தப்பியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முயற்சி செய்த ஒரு ஊரின் வியாபாரியாக இருந்திருப்பேன்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு பொதுத் திட்டத்தோடு எழுந்து நின்றால், மறுக்க முதலில் எழுபவர் நீங்களாக இருக்காதீர்கள். முதலில் கணக்கைக் கேளுங்கள். கணக்கு சரியாக இருந்தால், முதலாவது பெயராக உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.